யாரும் லாகின் ஆகாத காலை

மேகலாவின் அலுவலகம் மணமகள் அறையில் இருக்கிறது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கதவுக்கு மேல் இன்னும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் சாலையில், வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், குணசேகரன் என்பவர் அந்தக் கட்டடத்தைக் கல்யாண மண்டபமாகத்தான் கட்டினார். மண்டபம் ஓடவில்லை. வக்கீல்களுக்கும் வங்கிகளுக்கும் ஆவண வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு சென்னை நிறுவனத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பழைய கிரயப் பத்திரங்களையும் பாகப் பத்திரங்களையும் ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். அவற்றைப் பார்த்து டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். குணசேகரன் துணிந்து இறங்கினார். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகள் தயாராகவே இருந்தன. இலை போட வேண்டிய இடத்தில் திரைகள் வந்தன. சுற்றுவட்டாரத்திலிருந்து அறுபது பெண்கள் வேலைக்கு வந்தார்கள்.

அந்த மேசைகளில் இருப்பது திரையும் கீபோர்டும் மவுஸும் உள்ளங்கை அளவில் ஒரு டப்பாவும்தான். உண்மையான கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. மண்டபத்திலேயே ஏசி இருந்த ஒரே அறை மணமகள் அறை என்பதால் அந்தச் சர்வரை அங்கே வைத்தார்கள். அறுபது பேரும் அவரவர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து அந்த ஒரே சர்வருக்குள் நுழைந்துதான் வேலை செய்ய வேண்டும். அதைக் கவனித்துக்கொள்வது மேகலாவின் பொறுப்பு. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், யார் எவ்வளவு மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறார், யாருடைய வேலையால் மற்றவர்களுக்கு மெஷின் இழுக்கிறது என்பதெல்லாம் அவளுடைய திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவள் கீழ்வேளூர் பக்கத்துப் பெண். அப்பா கோவிந்தராசு குத்தகை நிலத்தில் சம்பா போடுகிறவர். பதினோராம் வகுப்பில் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் நடந்ததை அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். மெஷின்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். "பசங்க முதல்ல செய்யட்டும், பொண்ணுங்க பின்னாடி நின்னு பாத்துக் கத்துக்கங்க" என்றார் ஆசிரியர். மேகலா ஏற்கெனவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஆசிரியர் சத்தம் போட்டார், பிறகு மெயின் சுவிட்சை அணைத்தார். இருண்ட திரைக்கு முன்னால் மணி அடிக்கும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கோவிந்தராசு, "நாக்காலியில உக்காந்ததுக்கா சார் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். அடுத்த வாரம் பெண்களுக்குத் தனி முறை வந்தது.

கல்லூரி முடித்துச் சென்னையில் சில வருஷம் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். பிறகு ராஜ்குமாரைக் கட்டிக்கொண்டு மன்னார்குடிக்கு வந்தாள். ராஜ்குமார் நெல் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். குணசேகரன் ஆள் தேடியபோது, இந்த ஊரில் இந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் கிடைக்கவில்லை.

கம்பெனியின் மேனேஜர் விஸ்வா. கும்பகோணம் பக்கத்திலிருந்து அப்பா காலத்திலேயே சென்னைக்குப் போய்விட்ட குடும்பம். வேலைக்காக மன்னார்குடி வந்து தனியாக வீடு எடுத்துத் தங்கியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் தூரத்துப் பெண்களைச் சீக்கிரம் பஸ் ஏறச் சொல்வார். ஆனால் எதையும் எண்ணாகப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.

மேகலா சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் மெஷின் இழுத்தது. ஒரு எழுத்தை அடித்தால் அது திரையில் வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும். பெண்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிறார்கள் என்று விஸ்வா நினைத்தார். மேசைகளுக்கு இடையில் நடந்துபார்த்தார். மேகலா தன் திரையைப் பார்த்தாள். ஒரே ஒரு லாகின் மட்டும் சர்வரின் மெமரியில் பெரும்பங்கை விழுங்கிக்கொண்டிருந்தது. அது விஸ்வாவுடையது. ஒவ்வொரு பெண்ணும் எவ்வளவு வேகத்தில் டைப் செய்கிறாள் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் வரைபடம் போடும் பெரிய பெரிய ஷீட்டுகளை அவர் மதியம் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஏன் மெதுவாகச் செய்கிறார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவர்கள் மெதுவாகிப்போனார்கள்.

மேகலா அவர் அறைக்குப் போனாள்.

"சார், உங்க லாகினுக்கு லிமிட் போட்டிருக்கேன்."

"எனக்கா?"

"எல்லாருக்கும் என்ன அளவோ, அதான் உங்களுக்கும். இருக்கற மெமரி அவ்வளவுதான்."

"நான் மேனேஜர், மேகலா."

"தெரியும் சார். தலைமடையில ஒருத்தர் மதகைத் தொறந்தே வச்சிருந்தா கடைமடைக்கு என்ன வரும்? எங்க அப்பா கடைமடைக்காரர். அதனால சொல்றேன்."

விஸ்வாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அன்று மதியம் மெஷின் இழுக்கவில்லை என்பதை அவரும் பார்த்தார். லிமிட்டை எடுக்கச் சொல்லவில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அடுத்த தை மாதத்தில் சென்னை நிறுவனம் நெருக்க ஆரம்பித்தது. வேறு ஊரில் சீக்கிரம் முடித்துத் தருகிறார்களாம், இங்கே ஏன் தாமதம் என்று கேட்டார்கள். குணசேகரன் மேகலாவைக் கூப்பிட்டார்.

"யாரு எப்ப வர்றா, எப்ப போறா, எவ்வளவு நேரம் வேலை செய்யாம இருக்கா, எல்லாம் தெனம் எனக்கும் விஸ்வாவுக்கும் ரிப்போர்ட்டா வரணும்மா."

"வேலை செய்யாமன்னா எதை வச்சு சார் எடுக்கறது?"

விஸ்வா பதில் சொன்னார். "கீபோர்டும் மவுஸும் அசையாம இருக்கற நேரம். அது சர்வர்ல இருக்குமில்ல?"

இருந்தது. மேகலா எடுத்துக் கொடுத்தாள். அப்போது அவளுக்கு அதில் தவறாக ஒன்றும் தோன்றவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லா இடத்திலும் கொடுக்கிற ரிப்போர்ட்தான்.

அந்த ரிப்போர்ட்டில் கை அசையாத நேரம் எல்லாரையும்விட அதிகமாக இருந்தது லத்தீஃபாவுக்கு.

லத்தீஃபா அதிராம்பட்டினத்துக்காரர். பட்டுக்கோட்டையில் பஸ் மாறி வருகிறவர். நாற்பது வயதைத் தாண்டியவர். அவருடைய வாப்பா வீட்டில் சொத்துக் கேஸ் ஒன்று பல வருஷம் நடந்தது. வக்கீலை நம்பாமல் பழைய பத்திரங்களை எல்லாம் தானே உட்கார்ந்து படித்துக் கேஸை நடத்தியவர். அதனால் எந்தக் காலத்துக் கையெழுத்தும் அவருக்குப் பிடிபடும். பாதி அழிந்த வரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது பசலி, வருஷக் கணக்கு. பாசின்னு அடிச்சு வைக்காத" என்பார். "இங்க புஞ்சைன்னு இருக்கு. நஞ்சைன்னு போட்டா நிலமே மாறிடும்" என்பார். புரியாத இடம் வந்தால் பெண்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தன் இடத்தை விட்டு எழுந்து போய்ப் படித்துச் சொல்வார். அப்போதெல்லாம் அவருடைய கீபோர்டு சும்மா இருக்கும். சர்வர் அதை மட்டும் எழுதிக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் விஸ்வா லத்தீஃபாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார்.

செய்தியை மேகலாவிடம் கொண்டுவந்தவர் காளியம்மாள். லத்தீஃபாவுக்குப் பக்கத்து மேசைக்காரர், அங்கே வேலை செய்கிறவர்களில் மூத்தவர். மணமகள் அறை வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"லத்தீஃபாவ நிறுத்திட்டாங்க. சும்மாவே உக்காந்திருந்தான்னு உன் ரிப்போர்ட்ல இருக்காம்."

மேகலா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சாலைக்கு ஓடினாள். லத்தீஃபா டிபன் பையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா..."

"நான் அழுதுகிட்டு நிப்பேன்னு ஓடி வந்தியா? கோர்ட்டு வாசல்ல நின்ன காலு இது. ஒண்ணும் ஆகாது." லத்தீஃபா அவளை நேராகப் பார்த்தார். "ஆனா ஒண்ணு கேக்கணும். நான் சும்மா உக்காந்திருந்தத நீ கண்ணால பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்ப எப்படி எழுதின?"

"நான் எழுதலக்கா. மெஷின் எழுதுச்சு."

"மெஷின் எழுதினத நீதான அனுப்பின."

பஸ் வந்தது. லத்தீஃபா ஏறிக்கொண்டார். சன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். ராஜ்குமார் மாலையில் தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு வீட்டுக்கு வந்தான். மேகலா நடந்ததைச் சொன்னாள். அவன் கை கழுவிக்கொண்டே கேட்டான்.

"என் மிஷின்ல மீட்டர் இருக்குல்ல? மணிக் கணக்கு காட்டும். இன்னிக்கு மிஷின் சேத்துல மாட்டிக்கிச்சு. டிராக்டர் வந்து இழுக்கற வரைக்கும் இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. மீட்டரைப் பாத்தா நான் அவ்வளவு நேரமும் அறுத்தேன்னு இருக்கும்."

"அப்ப வயக்காரர் என்ன செஞ்சாரு?"

"வயலைப் பாத்தாரு. சண்டைக்கு வந்தாரு. மீட்டரை எவன் நம்புவான்?"

மேகலா சிரிக்கவில்லை. "எங்க ஆபீஸ்ல நம்புறாங்க" என்றாள்.

லத்தீஃபா போன மறுவாரம் கூடத்தின் சத்தமே மாறிவிட்டது. அடுத்து யார் என்ற பயம் எல்லாருக்கும் வந்துவிட்டது. கை நின்றால் கணக்கில் ஏறும் என்று மட்டும் தெரியும், எப்படி ஏறும் என்று தெரியாது. காளியம்மாள் வலது கை விரலால் திரையில் பத்திரத்தின் வரியைத் தொடர்ந்துகொண்டே இடது கையால் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நாள் முழுக்கக் கூடத்தில் டக் டக்கென்று மழைச் சொட்டு மாதிரி சத்தம். யாரும் யாரையும் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கவில்லை. புரியாத வார்த்தைக்குத் தோன்றியதை அடித்தார்கள். ரிப்போர்ட்டில் எல்லாருக்கும் எண்கள் அழகாகின. அதே வாரத்தில் சென்னையிலிருந்து பத்திரங்கள் தப்பு இருக்கிறதென்று வரிசையாகத் திரும்பி வந்தன. புஞ்சை நஞ்சையாகியிருந்தது. ஒரு பத்திரத்தில் வடக்கு எல்லைக்காரரின் பெயரே வேறாகியிருந்தது.

மேகலா விஸ்வாவிடம் போனாள்.

"சார், அந்த ரிப்போர்ட் கை நின்னுச்சுன்னுதான் சொல்லுது. வேலை நின்னுச்சுன்னு சொல்லல. லத்தீஃபா அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்க."

"முடிவு எடுத்தது நான் மட்டும் இல்ல மேகலா. பெரியவர்கிட்ட பேசு."

குணசேகரனிடம் பேசினாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "கஸ்டமர் போயிட்டா அறுபது பேரும் வீட்ல உக்காரணும். ஒருத்தருக்காக அதைச் செய்ய முடியுமா?" என்றார்.

"அப்படின்னா இனிமே ரிப்போர்ட் நான் அனுப்பல சார்."

"அனுப்ப மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை இல்லம்மா. சர்வர் என்னுது."

அது உண்மைதான். மேகலா நிமிர்ந்தாள்.

"சரி சார். சர்வர் உங்களுது. ரிப்போர்ட் உங்களுக்கு வரும். யாரைப் பத்தின ரிப்போர்ட்டோ அவங்களுக்கும் வரும்."

குணசேகரன் அதைக் கோபத்தில் சொன்ன பேச்சாக எடுத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தார்.

மறுநாள் காலை பெண்கள் வந்து பெயரும் பாஸ்வேர்டும் போட்டதும், வழக்கமான திரைக்குப் பதிலாக எழுத்துகள் வந்தன.

'நீங்கள் உள்ளே வந்த நேரம், வெளியே போகும் நேரம், கீபோர்டும் மவுஸும் அசையாத நேரம், சர்வரில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் இடம் ஆகியவை பதிவாகின்றன. இந்தப் பதிவு உரிமையாளர் குணசேகரன் அவர்களுக்கும் மேலாளர் விஸ்வா அவர்களுக்கும் தினமும் போகிறது. இதைப் பார்த்து ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் படிக்கும் நேரமும், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரமும் இதில் வேலையாகத் தெரியாது. உங்கள் பதிவை நீங்கள் பார்க்கக் கீழே அழுத்துங்கள். இதை எழுதியவர்: மேகலா.'

ஒருத்தி சத்தமாகப் படித்தாள். எல்லாரும் அழுத்திப் பார்த்தார்கள். காளியம்மாள் தன்னுடைய பதிவைப் பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தார்.

"அடியே, நேத்து நான் ஒண்ணுக்குப் போனதுகூட இருக்குடி இதுல!"

சிரிப்பு வெடித்தது. சிரித்து முடித்ததும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

விஸ்வா மணமகள் அறைக்கு வேகமாக வந்தார். "அதை எடுத்துடு மேகலா."

"எதுக்கு சார்? அதுல பொய்யா ஏதாவது இருக்கா?"

"பொய் இல்ல. ஆனா எல்லாரையும் கலைச்சு விடுற."

"கணக்கெடுக்கறோம்னு சொன்னதுல கலைஞ்சுட்டாங்கன்னா, கணக்கெடுக்கறதுல ஏதோ இருக்கு சார். எடுக்க மாட்டேன்."

மதியம் குணசேகரனே வந்தார். அவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். "அப்ப நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார். மேகலா சர்வரின் பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். நான் எதையும் பூட்டல, எதையும் அழிக்கல. அந்த எழுத்தை மட்டும் நான் என் கையால எடுக்க மாட்டேன். உங்களுக்கு வேணும்னா வேற ஆளை வச்சு எடுத்துக்கங்க."

அவள் தன் தண்ணீர் பாட்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவிலேயே நடந்து வெளியே போனாள். பக்கவாட்டில் ஒரு வழி இருந்தது. அந்த வழியில் போகவில்லை.

தஞ்சாவூரிலிருந்து ராம்கி என்கிற ஆளை வரவழைத்தார்கள். அன்று மாலையே அவன் வந்து அந்த எழுத்துகளை எடுத்துவிட்டான்.

மறுநாள் காலை மேகலா வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மேடம், நான் ராம்கி. உங்களுக்குப் பதிலா நேத்து வந்தவன், தஞ்சாவூர். விஸ்வா சார் நம்பர் குடுத்தாரு. சர்வர்ல போறதுக்கு முன்னாடி ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லையே. என்ன ஆச்சு?"

"யாரும் உள்ள வர முடியல போலிருக்கு. எல்லாம் சரியா ஓடுது, நெட்வொர்க் இருக்கு. ஆனா ஒரு லாகின்கூட இல்ல. பேரே வரல மேடம்."

மேகலாவுக்குப் பயம் வந்தது. தான் செய்யாத தவறு தன் தலையில் விழுமோ என்ற பயம். "கூடத்துல போய்ப் பாருங்க. லாகின் பண்ணும்போது என்ன எரர் வருதுன்னு கேளுங்க" என்றாள்.

போனைப் பிடித்துக்கொண்டே அவன் நடப்பது கேட்டது. கதவு திறக்கும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

"ராம்கி? இருக்கீங்களா?"

"மேடம்..." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "எல்லாரும் வந்திருக்காங்க. அவங்கவங்க சீட்ல உக்காந்திருக்காங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. யாரும் கீபோர்டைத் தொடல."

மேகலா ஈரத் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

கேட்டில் வாட்ச்மேன் தயங்கினார். உள்ளே விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "உங்களுக்குச் சங்கடம் வேணாம். நான் வெளியிலயே நிக்கிறேன்" என்று மேகலா சாலையோரத்தில் நின்றாள். சற்று நேரத்தில் குணசேகரனின் கார் வந்தது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நீ சொல்லிக் குடுத்துத்தான் இப்படிச் செய்யறாங்களா?"

"இல்ல சார். சொல்லிக் குடுத்திருக்கணும். எனக்குத் தோணல."

கார் உள்ளே போனது. பிறகு கூடத்தில் நடந்ததைப் பல பேர் பல விதமாகச் சொல்வார்கள். ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள்: குணசேகரன் சத்தம் போட்டார், காளியம்மாள் சத்தம் போடவில்லை.

"லாகின் ஆகலன்னா இன்னிக்கு யாரும் வேலைக்கு வரலன்னுதான் கணக்கு" என்றார் குணசேகரன்.

காளியம்மாள் எழுந்து நின்றார். "வந்திருக்கோம் சார். பாருங்க, எதுக்க உக்காந்திருக்கோம். உங்க மெஷினைக் கேட்டா யாரும் வரலன்னு சொல்லும். இப்ப நீங்க எதை நம்புவீங்க?"

"நான் உங்களுக்காகத்தான் இந்த ஊர்ல கம்பெனி வச்சேன். மறந்துடாதீங்க."

"மறக்கல சார். நாங்களும் வேலை செய்ய மாட்டோம்னு சொல்லல. லத்தீஃபா வரட்டும். மேகலா வரட்டும். அந்த எழுத்து திரும்ப வரட்டும். வந்தா இப்பவே கையை வைக்கிறோம்."

குணசேகரன் விஸ்வாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மாலைக்குள் சென்னைக்குப் போக வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. ராம்கி அந்த அறையில்தான் இருந்தான். விஸ்வா சொன்னதை அவன்தான் பிறகு மேகலாவிடம் சொன்னான்.

"சார், லத்தீஃபா போனதுக்கு அப்புறம்தான் பத்திரம் இவ்வளவு திரும்பி வருது. நான் பாத்த எண்ணு தப்பான எண்ணு. அவங்களைக் கூப்பிட்டுடலாம். அந்த எழுத்து இருந்தாலும் நமக்கு நஷ்டம் இல்ல."

"அந்தப் பொண்ணு?"

"அவங்க இல்லாம இவங்க கையை வைக்க மாட்டாங்க சார்."

குணசேகரன் கேட்டுக்கு நடந்து வந்தார். வெயில் ஏறியிருந்தது. மேகலா புளியமரத்து நிழலில் ஸ்கூட்டியில் சாய்ந்திருந்தாள்.

"உள்ள வா" என்றார்.

"வர்றேன் சார். ரெண்டு விஷயம் பேசிட்டு வர்றேன்."

"இன்னும் என்ன?"

"கை நின்ன நேரத்தை வச்சு யாரையும் நிறுத்தக் கூடாது. அது மெஷின் மெதுவாச்சுன்னா ஏன்னு பாக்கறதுக்கு மட்டும். அதை நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கூடத்துல ஒட்டணும். ரெண்டாவது, உங்க லாகினும் விஸ்வா சார் லாகினும் என் லாகினும் எல்லார் மாதிரியும் பதிவாகும். நாம மூணு பேரும் அதுலேர்ந்து தப்பிக்க முடியாது."

"நீ என்கிட்ட வேலை பாக்குறவ. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். வேலை பாக்குறதாலதான் கேக்கறேன். இல்லாட்டி எனக்கென்ன, வீட்ல துணி பாதி காயாமக் கெடக்கு."

குணசேகரன் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய், வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கும்படி கையைக் காட்டினார்.

கையெழுத்துப் போட்ட தாள் மதியத்துக்குள் ஒட்டப்பட்டது. மேகலாவும் ராம்கியும் மணமகள் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெறுமையாக இருந்த திரையில் முதல் பெயர் வந்தது. காளியம்மாள். பிறகு இன்னொன்று. பிறகு மளமளவென்று வரி வரியாகப் பெயர்கள் ஏறின. "இந்த மாதிரி நான் பாத்ததில்ல மேடம்" என்றான் ராம்கி. மேகலாவின் கண் கலங்கியிருந்தது. ஏசி காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லத்தீஃபா உடனே வரவில்லை. நிறுத்தியவர்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். விஸ்வா போன் செய்து மன்னிப்புக் கேட்டார். "சரி. வீட்ல வேலை இருக்கு. திங்கக்கெழம வர்றேன்" என்று லத்தீஃபா வைத்துவிட்டார். திங்கட்கிழமை வந்து மேகலாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "இப்ப என்னப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"வந்திருக்கீங்கன்னு எழுதியிருக்குக்கா."

"அது போதும்."

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். குணசேகரன் அந்த வருஷம் யாருக்கும் சம்பளம் ஏற்றவில்லை. வெறுத்துப்போய்ச் சில பேர் வேறு வேலைக்குப் போனார்கள். மேகலாவிடம் அவர் இன்றும் நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் விஸ்வா வழியாகத்தான். அவளும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் எதிர்ப்பட்டால் அவள் ஒதுங்குவதும் இல்லை, அவர் நிற்பதும் இல்லை.

போன மாதம் சென்னை நிறுவனம் புதிதாக ஒன்றை அனுப்பியது. ஒவ்வொரு திரைக்கும் மேலே சின்னக் கேமரா. முகம் திரையைப் பார்க்கிறதா, வேறு பக்கம் பார்க்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்கான சாஃப்ட்வேரைச் சர்வரில் மேகலாதான் போட வேண்டும். விஸ்வா அவள் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதைப் போட மாட்டேன்னு சொல்லப் போற. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சே எதுக்கு சார் வந்தீங்க?"

"கேக்க வேண்டியது என் வேலை. நீ போடலன்னா அவங்க வேற யாரையாவது வச்சுப் போடுவாங்க."

"போடட்டும் சார். நான் போடல. போடறவங்க யாருன்னு கூடத்துல எல்லாருக்கும் நானே சொல்லிடறேன்."

விஸ்வா எழுந்து, ஏசியைக் கொஞ்சம் குறைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

சென்னையிலிருந்து வாரம் ஒரு முறை கேட்டு எழுதுகிறார்கள். மேகலா வாரம் ஒரு முறை முடியாது என்று எழுதுகிறாள். கேமராக்கள் வந்த அட்டைப்பெட்டிகள் மாலை மாற்றும் மேடையின் ஓரத்தில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. காளியம்மாள் தன் டிபன் பையை அவற்றின் மேல் வைத்துக்கொள்கிறார்.